‘ரெண்டு நிமிஷ’ மேடமும் கிளட்சும்

சிக்னல் பச்சைக்கு மாறியதும் மேடம் முதலில் செய்வது, பக்கத்து வண்டிக்காரரைப் பார்த்துக் கையசைப்பது. "நீங்க போங்க." அவர் போனதும் அடுத்தவர். பிறகு ஒரு சைக்கிள். எல்லாரையும் வழியனுப்பி முடிப்பதற்குள் விளக்கு மறுபடி சிவப்பாகிவிடும். அதுவரைக்கும் இடது கால் கிளட்சைப் பாதி மிதித்தபடியே இருக்கும். காலை எடுத்தால் என்னவாம் என்று கேட்டால், "தயாரா இருக்கணும்ல" என்பார்.

பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை அவருடையது. வீங்கிய கன்னத்தோடு வருகிறவர்களை "ரெண்டே நிமிஷம், கூப்பிட்டுடுவாங்க" என்று சொல்லிச் சொல்லியே அரை நாள் உட்கார வைத்துவிடுவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை, அந்தக் குரலைக் கேட்டாலே பாதி வலி குறைந்துவிடும். ‘ரெண்டு நிமிஷ மேடம்’ என்ற பெயர் டாக்டர் வாயிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. தெரியாமல் நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் "சாரி" சொல்கிற ரகம்.

ஐம்பதை நெருங்கும் வயதில் அவர் கார் ஓட்டக் கிளம்பியதற்கு அவருடைய அக்காதான் காரணம். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அக்கா, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்ததும் நாள் விட்டு நாள் பிசியோதெரபிக்குப் போயாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வாடகை வண்டிக்காரர்களோ சக்கர நாற்காலியைப் பார்த்ததுமே போன் வந்தது போலக் காதில் கையை வைத்துக்கொண்டு நழுவினார்கள். வீட்டில் கார் ஒன்று சும்மா நின்றது. மேடத்தின் கணவர் அதை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். "நானே ஓட்டறேன்" என்றார் மேடம். கணவர் துடைக்கும் துணியைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பயிற்சிப் பள்ளிக்குப் போய் லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டது.

பிசியோதெரபி மையம் ஒரு பெரிய வணிக வளாகத்தின் மேல்தளத்தில் இருந்தது. அங்கே போகச் சரிவான ரேம்ப் ஒன்றில் வண்டியை ஏற்ற வேண்டும். ரேம்பின் உச்சியில் சீட்டு வாங்கும் கேட். கேட் திறக்கும்வரை வண்டிகள் சரிவிலேயே வரிசையாகத் தொங்கிக்கொண்டு நிற்கும்.

பின்சீட்டில் உட்கார்ந்த அக்கா, பழக்க தோஷத்தில் தங்கைக்கு மார்க் போட ஆரம்பித்தார். வண்டி கிளம்பும்போது குலுங்கினால் இடுப்பில் சுருக்கென்று குத்தும். பல்லைக் கடித்துக்கொண்டு "பத்துக்கு மூணு" என்பார். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்க்க மேடத்துக்குத் தாங்கவில்லை. அதனால் குலுங்காமல் ஓட்ட ஒரு வழி கண்டுபிடித்தார். ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்து, கிளட்சைக் கொஞ்சங்கொஞ்சமாக, பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது போல விட்டார். எஞ்சின் ஊரையே கூட்டும். வண்டி எறும்பு போல நகரும். ரேம்பில் நிற்கும்போதும் அப்படித்தான், பாதிக் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்திருப்பார். ஹேண்ட் பிரேக்கைத் தொடமாட்டார். அதன் ‘கர்ரக்’ சத்தம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவது போல அவருக்குக் கூசியது. அக்கா ஒன்பது மார்க் போட்டார். ஒவ்வொரு தடவையும் ஒன்பது.

சில வாரங்களில் ஏதோ கருகும் வாடை வந்தது. பக்கத்தில் யாரோ டயரை எரிக்கிறார்கள் என்று இருவரும் முடிவு செய்து ஜன்னலை ஏற்றிக்கொண்டார்கள். வாடை வண்டிக்குள்ளேயே இருந்தது.

ஒருநாள் ரேம்பின் பாதியில் எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. வேறு வழியில்லாமல் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மேடம் இறங்கினார். பின்னால் நின்ற ஒவ்வொரு காரின் ஜன்னலிலும் குனிந்து மன்னிப்புக் கேட்டு, கொஞ்சம் பின்னால் போகச் சொன்னார். ஹாரன் அடித்தவர்கள்கூட அந்தக் குரலைக் கேட்டதும் அடங்கிவிட்டார்கள். வரிசையின் கடைசியில் ரொட்டி வண்டிக்காரரிடம் அவர் நலம் விசாரித்துக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "சின்னவளே, மன்னிப்பு கேட்டு முடிச்சிட்டியா, இல்ல இன்னும் ஆள் பாக்கி இருக்கா?"

மெக்கானிக் பழைய கிளட்ச் பிளேட்டைக் கழற்றி முதலில் தான் மோந்து பார்த்தார், பிறகு மேடத்திடம் நீட்டினார். "தேஞ்சு போகல மேடம். வெந்து போயிருக்கு." கணவர் சத்தம் போடவில்லை. துணியை நான்காக மடித்துக்கொண்டே, இன்னொரு பிளேட் போனால் வண்டியை விற்றுவிடலாம் என்றார். அவர் கத்தியிருந்தால் மேடம் பயந்திருக்கமாட்டார். வண்டி போனால் அக்காவின் பயிற்சியும் நிற்கும். அக்கா அந்தச் சக்கர நாற்காலியிலேயே தங்கிவிடுவார்.

அடுத்த ஞாயிறு காலையில், மெக்கானிக்கின் பட்டறைக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் வகுப்பு ஆரம்பமானது. நோயாளி இல்லாமல் என்ன பரீட்சை என்று அக்காவும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். ஆக்சிலேட்டர் பக்கமே போகக்கூடாது, கிளட்சை மட்டும் மெதுவாக விட வேண்டும் என்றார் மெக்கானிக். "ஒரு இடத்துல வண்டி மூக்கைத் தூக்கும் மேடம். அங்க ஒரு நொடி நில்லுங்க, நகர ஆரம்பிச்சதும் காலை முழுசா எடுத்துடுங்க. பாதியில வெச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்தாதீங்க."

வண்டி துள்ளி நின்றது. அக்கா பூஜ்யம் போட்டார். மறுபடி அணைந்தது. "எழுதாமயே பேப்பரைக் குடுத்துட்ட" என்றார். ஒவ்வொரு துள்ளலுக்கும் மேடம் கண்ணாடியைப் பார்த்து "சாரிக்கா" என்றார். கடைசியில் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்குடி என் மூஞ்சியவே பாக்குற? ரோட்டைப் பாரு."

"உனக்கு வலிக்குதான்னு..."

"வலிக்கத்தான் செய்யும். உடைஞ்ச எலும்பு வலிக்காம என்ன பண்ணும்? நீ ஒன்பது ஒன்பதுன்னு வாங்கினியே, அதெல்லாம் சும்மா போட்டது. வலிச்சுது. நீ அழுதுடுவியோன்னு போட்டேன்."

மெக்கானிக் டயரைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார். மேடம் கையை உயர்த்தி, அத்தனை நாளும் அக்காவின் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்திருந்த கண்ணாடியைப் பின்ஜன்னலுக்குத் திருப்பினார். செருப்பைக் கழற்றினார். வெறுங்காலால் கிளட்சை மிதித்து, மெல்ல விட்டார். எஞ்சினின் குரல் தடித்தது. ஸ்டியரிங் உள்ளங்கையில் லேசாக நடுங்கியது. மூக்கு எழும்பியது. அங்கே காலை நிறுத்தி, வண்டி உருளத் தொடங்கியதும் முழுவதுமாக எடுத்துவிட்டார். வண்டி சத்தமில்லாமல் பட்டறைச் சுவரை நோக்கிப் போனது. பிரேக்கை மறந்துவிட்டதால் மெக்கானிக் கூடவே ஓட வேண்டியதாயிற்று. அக்கா ஆறு போட்டார். அது நிஜமான ஆறு என்று மேடத்துக்குத் தெரிந்தது.

ரேம்பில் இப்போதும் மார்க் ஏழைத் தாண்டியதில்லை. ஆனால் புது பிளேட் நன்றாகவே இருக்கிறது. கணவர் மாலையில் துடைக்கும் சாக்கில் குனிந்து மோந்து பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போகிறார். அக்கா ஊன்றுகோலுக்கு வந்துவிட்டார். சிக்னலில் மேடம் இன்னும் எல்லாருக்கும் வழிவிடுகிறார், நியூட்ரலில் போட்டுவிட்டு.

போன வாரம் ரேம்பில் அவருக்கு முன்னால் ஒரு பயிற்சிப் பள்ளி வண்டி நின்றுபோனது. கொஞ்சம் பின்னால் உருண்டு, திடுக்கிட்டு நின்று, மறுபடி அணைந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் ஒன்றுசேர்ந்து கிளம்பின. அக்கா கோலால் முன்சீட்டைத் தட்டி, போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வரச் சொன்னார்.

மேடம் இறங்கவில்லை. நடுவில் நல்ல இடைவெளி இருப்பதைப் பார்த்துக்கொண்டார். ஹேண்ட் பிரேக்கை ‘கர்ரக்’ என்று இழுத்தார், எஞ்சினை அணைத்தார். கைப்பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்து, திரும்பிப் பார்க்காமலே முதல் சுளையைப் பின்சீட்டுக்கு நீட்டினார்.