செம்பு ஏறிய ஏணி

தேனி கடைத்தெருவில் எங்களுடையது பெயிண்ட் கடை. வீட்டுக்காரர் பில் போடுவார். எந்த இரும்புக்கு முதல் பூச்சாக எந்தப் பிரைமர் என்று சொல்வது என் வேலை. காவி நிற ரெட் ஆக்சைடு துருவைப் பெரிதாகத் தடுக்காது. மஞ்சள் குரோமேட் நன்றாகத் தடுக்கும், ஆனால் விஷம். சாம்பல் நிறப் பாஸ்பேட் நிதானமாக வேலை செய்யும், குடிதண்ணீர்ப் பக்கம் அதுதான் தேவலை. இத்தனையும் வாய் வலிக்கச் சொன்ன பிறகு, "வெல கொறஞ்சது எதும்மா?" என்பார்கள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

அக்காவை ஓடைப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தது. திராட்சைத் தோட்டம். கிணற்றின் பாதி ஆழத்தில் மோட்டார். அத்தான் தினமும் காலையில் இரும்புக்குழாய் ஏணியில் இறங்கி அதற்குத் தண்ணீர் ஊற்றுவார். கூலியாட்களும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்ததால் ஏணிக்குப் பாஸ்பேட்டும் அதன்மேல் பூசக் கறுப்பு எனாமலும் கொடுத்தனுப்பினேன். "இரும்பு பளிச்சுன்னு தெரியிற வரைக்கும் சொரண்டிட்டுப் பூசுங்க அத்தான்" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

அடுத்த வருஷ வெயிலில் அக்கா போன் செய்தாள்.

"கெணத்துக்குள்ள யாரோ தட்டுறாகடி. உச்சி வெயில்ல. கரண்டும் இல்ல, காத்தும் இல்ல. டொக்குனு ஒண்ணு. சித்த நேரங்கழிச்சு இன்னொண்ணு."

முன்பு எப்போதோ அதில் விழுந்து செத்த பெண் ஏறிவரப் பார்க்கிறாள் என்று கூலிப்பெண்கள் பேசிக்கொண்டார்களாம். கிடா வெட்ட நாள் பார்த்தாயிற்று.

"கெடாவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நான் வர்றேன், பொறு" என்றேன்.

வாய்தான் அப்படி. மத்தியானம் கிணற்று விளிம்பில் நின்றபோது பந்தலில் ஒரு இலை அசையவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். டொக். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, டொக்.

"ஒண்ணுமில்ல, இந்தா எறங்கிக் காட்டுறேன்" என்று அத்தான் ஏணிக்கு வந்தார். ஏணி கறுப்பு எனாமலில் மினுங்கியது. மருந்துக்குக்கூடத் துரு இல்லை. ஆனால் மேல் படிகளில் பெயிண்ட் லேசாக உப்பியிருந்தது. குனிந்து கட்டைவிரலால் அழுத்தினேன். அப்பளம்போல் நொறுங்கி விரல் உள்ளே போனது. உள்ளே ஈரமான கருஞ்சிவப்புத் தூள்தான், அடியில் மட்டும் தகரம்போல் கொஞ்சம் இரும்பு. படியின் உருவத்தில் நின்றுகொண்டிருந்தது பெரும்பாலும் பெயிண்ட்தான்.

"கால வைக்காதீக!" என்று கத்திவிட்டேன்.

அத்தான் தூக்கிய காலை அந்தரத்திலேயே நிறுத்தினார். அன்று காலையில் அதில்தான் ஏறி வந்திருந்தார்.

"சொரண்டலையா நீங்க?"

"மத்ததெல்லாம் சொரண்டுனேம்மா. மேல் படியில மட்டும் செம்பு ஏறி நல்லாத்தான இருந்துச்சு. அதுவும் ஒரு காப்புத்தானன்னு அது மேலயே பூசிட்டேன்."

திராட்சைக்கு மருந்தடிக்க, செம்பு உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கும்போது, அந்தக் கலவையில் கத்தியை முக்கிப் பார்ப்பது அங்கே வழக்கம். கத்தியில் செம்பு ஒட்டினால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். கலவைப் பீப்பாய் இருந்தது கிணற்றடியில். கத்தியைத் தேடச் சோம்பல்பட்டு, ஒரு கை அள்ளி ஏணிப்படியில் ஊற்றியே பார்த்திருக்கிறார் மனுஷர், வருஷக்கணக்கில். செம்பு ஒட்டிய இடத்தில் இரும்பை அது தின்றுகொண்டேதான் இருக்கும். அதன்மேல் எந்தப் பிரைமரைப் பூசி என்ன? திட்ட வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும், "கயிறு கொண்டாங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஏணியைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். வெயிலில் இரும்பு நீண்டு பாறையில் தட்டியிருக்கும் என்று நானாக ஒரு காரணம் சொன்னேன். எனக்கே அது முழுசாக ஒப்பவில்லை. ஆனால் அதன் பிறகு கிணற்றில் சத்தம் நின்றது.

புது ஏணி போட்டாயிற்று. அத்தான் இப்போது கால் வைக்கும் முன் எதையும் தட்டிப் பார்க்கிறார். மாடிப்படி, பஸ் படி, படுக்கும் கட்டில், எல்லாவற்றையும். போன வாரம் அக்காவோடு போனில் பேசும்போது பின்னால் கேட்டது. டொக். சித்த நேரம் கழித்து இன்னொன்று.

"கேக்குதா?" என்றாள் அக்கா, மெதுவாக. "கெணத்துல இருந்தது இங்கன வந்துருச்சுடி."