சர்வேயரின் மூன்றாவது மெஷின்

பூதப்பாண்டியில் நான் வாத்தியாராக இருந்தபோது அடுத்த வீட்டில் ஒரு சர்வேயர் குடியிருந்தார். வெயிலில் கருத்து மெலிந்த மனிதர். நாள் முழுக்க வயல் வரப்புகளை அளந்துவிட்டு வந்து, கால்கூடக் கழுவாமல் காப்பிக்கொட்டை அரைக்க உட்கார்ந்துவிடுவார். முதல் மெஷின் கொரகொரவென்று அரைத்தது. இரண்டாவது பொடியைச் சூடாக்கியது. மூன்றாவதைத் திருவனந்தபுரத்திலிருந்து வரவழைத்திருந்தார். ஆனால் குடல்புண்ணுக்காக வைத்தியர் அவருக்குக் காப்பியையே விலக்கியிருந்தார். அதனால் போட்டதையெல்லாம் நான்தான் குடித்து ருசி சொல்ல வேண்டும்.

அன்று பரீட்சைத் தாள் திருத்தி அலுத்திருந்தேன். புது மெஷினில் அரைத்த காப்பியை நீட்டினார்.

"எப்படி இருக்கு வே?"

"எல்லா மெஷின்லயும் ஒண்ணு போலத்தான் இருக்கு, சர்வேயரே. எனக்கு வித்தியாசமே தெரியல்ல."

அவர் என் கையிலிருந்த தம்ளரை வாங்கி, நான் குடித்த மிச்சத்தை மெதுவாகக் குடித்தார்.

"இல்ல வே, இது வேற. உமக்குத்தான் தெரியல்ல."

மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். பார்க்கப் போன எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரோ, "பொடி இன்னும் கொஞ்சம் நைசா வேணும் வே" என்றார்.

'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்ல அன்று எனக்கு ஏன் வாய் வரவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன்.