கோச் வீட்டு வெள்ளைக் கொடி

வெள்ளிக்கிழமை பின்னேரமானால் இந்த ஊரில் ஒரு போத்தல் பால்கூட வாங்க முடியாது. பெற்றோல் செட் பூட்டு, சலூன் பூட்டு, சவப்பெட்டிக் கடையும் பூட்டு. ஒஹாயோவின் இந்தச் சின்ன ஊருக்கு வந்த புதிதில், நானும் என் மனைவி செல்வியும் ஏதோ கலவரம் என்று பயந்து கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். இலங்கையில் இருந்து வந்தவர்களுக்குக் கடைகள் திடீரென்று பூட்டினால் வேறென்ன தோன்றும்? பிறகுதான் தெரிந்தது, அன்றைக்குப் பாடசாலை மைதானத்தில் புட்போல் மேட்ச். காலால் உதைக்கிற பந்தாட்டமல்ல இது. தலைக்கவசம், தோள் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு மோதுவது. கண்டியில் வெறும் தலையோடு மோதும் ரகர் பந்தாட்டத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அந்தப் பாடசாலையிலேயே எனக்குத் துணி துவைக்கும் வேலை கிடைத்தது. அங்கேதான் அணியின் பயிற்சியாளரான கோச்சைக் கண்டேன். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது, ஆனால் அவர் மனைவிகூட அவரைக் கோச் என்றுதான் கூப்பிடுவார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். ஆடிய காலத்தில் முழங்கால் உடைந்துபோக, சரித்திரம் படிப்பிக்க இங்கே வந்தவர். அப்போது இந்தப் பாடசாலை அணி வெற்றி என்பதையே மறந்திருந்ததாம். முதல் வருடம் பல வாரங்கள் அவர் பிள்ளைகளின் கையில் பந்தையே கொடுக்கவில்லை. விழுவதையும் எழும்புவதையும் மட்டும் பழக்கினார். ஊரே கேலி செய்தது. சில வருடங்களில் அதே அணி மாநிலக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது, பிறகு திரும்பத் திரும்பக் கொண்டுவந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் வீடு தேடி வந்து அழைத்தபோது, "நாளைக்கு எனக்குப் பயிற்சி இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். நான் பார்த்த காலத்தில் அவருக்குக் குரல் அடங்கிவிட்டது. மலை போன்ற பையன்கள் அவர் சொல்வதைக் கேட்கக் குனிந்து நிற்பார்கள். அவர் நடந்தால் கூட்டம் தானாக விலகும். பெரஹர ஊர்வலத்து யானைக்குத்தான் கண்டியில் அப்படி வழி விட்டுப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அவர் இட்ட கட்டளை ஒன்றே ஒன்று. மைதானத்துக்கு வெள்ளைத் துவாய் வரக்கூடாது, எல்லாம் சிவப்பாக இருக்க வேண்டும். கண்டியில் துணிக்கடையில் நின்றவன் நான். சேறு பட்டால் வெள்ளை தாங்காது, மனுசன் விவரமானவர் என்று மெச்சிக்கொண்டேன். ஒருநாள் துணிந்து கேட்டேன், "ஏன் சார் நிமிசத்துக்கு நிமிசம் ஆட்டத்த நிப்பாட்டுறீங்க?" அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"விழுந்தவன் எழும்ப வேணாமா?"

அந்தப் பதில் என்னைச் சும்மா விடவில்லை. எங்கள் குடும்பம் கோப்பித் தோட்டக் காலத்தில் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கும், அங்கிருந்து கண்டி மலைகளுக்கும் நடந்தவர்கள். வழியில் விழுந்தவர்களுக்காகக் கூட்டம் நிற்கவில்லை. அவர்களுக்கு அழவும் ஆளில்லை, சாவுக்கு ஒரு துண்டு வெள்ளைக் கொடி கட்டவும் ஆளில்லை. இந்தக் கதை தெல்தோட்டையில் எங்கள் தோட்டத்து லய வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அதனாலோ என்னவோ, யார் இறந்தாலும் மெயின் ரோட்டிலிருந்து சாவு வீடுவரை கொடி கட்டுவதில் என் அப்பா பிடிவாதமாக இருந்தார்.

ஓர் இலையுதிர் காலத்தில் கோச் இறந்துபோனார். எங்கள் தெருவில்தான் அவர் வீடு. காலையில் செல்வி ஜன்னலோரம் நின்று அழுதாள்.

"என்னங்க, ஊரே தலையில வச்சு கொண்டாடுன மனுசன். தெரு இப்பிடி மொட்டையா கெடக்கு."

இருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளை எல்லாம் கிழித்தோம். மெயின் ரோட்டிலிருந்து அவர் வாசல்வரை மரத்துக்கு மரம் கட்டினோம். சரணடைகிறவனும் வெள்ளைக் கொடிதான் பிடிப்பான் என்பது எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு அது நினைவிலேயே இல்லை.

கொஞ்ச நேரத்தில் மைக் வந்தான். கோச்சிடம் பழகி ஆடியவன், இப்போது தீயணைப்பு வீரன். முகம் சிவக்க ஒவ்வொரு கொடியாகப் பிய்த்துக்கொண்டே வந்தான்.

"யார் செஞ்ச வேலை இது? உயிரோட இருந்தவரைக்கும் ஒரு வெள்ளைத் துவாயக்கூட கிட்ட விடாத மனுசன். அவர் வாசல்ல தோத்துட்டேன்னு கொடியா?"

வெள்ளைத் துவாயை அவர் ஒதுக்கியது சேற்றுக்காக அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரை அவ்வளவு மதித்த நானே அவர் வாசலில் அவரைச் சிறுமைப்படுத்திவிட்டேனே!

"எங்க ஊர்ல சாவு வீட்டுக்கு இப்பிடித்தான் கட்டுவோம். தெரியாத ஆளும் வழி கேக்காம வந்து சேரணும்னு," என்றேன்.

கோச்சின் மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். படியிறங்கி வந்து, மைக்கின் கையிலிருந்த துணிகளைத் தொட்டுப் பார்த்தார்.

"திரும்பக் கட்டு, மைக். தூரத்திலிருந்து நிறையப் பேர் வருவாங்க."

கிழிந்துபோனவற்றுக்குப் பதிலாக மைக் பாடசாலையிலிருந்து சிவப்புத் துவாய்களைக் கொண்டுவந்தான். ஏணி இல்லாமலே கட்டினான். வெள்ளையும் சிவப்புமாகத் தெரு நிறைந்தது. பகல் முழுக்கக் கார்கள் வழி கேட்காமல் வந்து நின்றன. நரைத்த தலையும் முறிந்த மூக்குமாக அவரது பழைய ஆட்டக்காரர்கள் இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்தக் கொடிகளின் கீழ் நடந்தார்கள். ஒரு மனிதனுக்காக இத்தனை பெரிய உடம்புகள் குலுங்கி அழுததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தேன். கண்டியில் ஏறிய தெல்தோட்டை பஸ் ஒரு வளைவில் திரும்பியதும், ரோட்டோரம் வரிசையாக வெள்ளைக் கொடிகள். 'யார் தோற்றது?' என்றுதான் முதலில் மனதில் பட்டது. அடுத்த கணமே என் கண் அவற்றுக்கு நடுவே ஒரு சிவப்புத் துவாயைத் தேடியது. நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்ட பக்கத்து இருக்கைக்காரர், வெளிநாட்டு ஆளுக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்.

"சாவு வீடுங்க. எங்க ஊர்ல இப்பிடித்தான் கட்டுவோம்."

"அப்பிடிங்களா?" என்றேன்.