பெரிய வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

மத்தியானம் பன்னிரண்டரைக்கு என் வாசலில் தூக்குவாளி வைக்கும் சத்தம் கேட்கும். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கோவில்பட்டியில் ஒற்றை அறை லைன் வீட்டில் நான் படுத்துக் கிடந்த காலம் அது. தொண்ணூறுகளின் கடைசி. முப்பத்திரண்டு வயது, நாதி கிடையாது. என்னைப் போல் ஆளற்றுக் கிடந்தவர்களுக்கு மாதா கோயில், சிஎஸ்ஐ கோயில், பெந்தெகொஸ்தே சபை மூன்றும் முறை வைத்துச் சமைத்து அனுப்பின. ஆளுக்கு இரண்டு நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லோரும் சேர்ந்து. மற்ற விஷயங்களில் அவர்களுக்குள் ஏழாம் பொருத்தம் என்று சொல்வார்கள். நான் எந்தக் கோயிலுக்கும் போனவள் இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

உண்ட வீட்டைக் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன். வருகிறவர்கள் வாளியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பார்கள், நின்றபடியே ஒரு சின்ன ஜெபம், உடனே கிளம்பிவிடுவார்கள். பாவம், அவர்களுக்கு இன்னும் எத்தனையோ வீடு இருக்கும். அதன் பிறகு பேச்சுத் துணைக்கு எனக்குப் பல்லிதான்.

அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை ஒரு மணியாகியும் யாரும் வரவில்லை. இரண்டும் ஆனது. முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டதோடு சரி. ஓட்டுக்கு மேலே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. என்னை மறந்துவிட்டார்கள் என்ற நினைப்புதான் பசியைவிட அதிகமாக வலித்தது. அழுதேன்.

இரண்டரைக்கு உபதேசியார் வந்தார். சிஎஸ்ஐ கோயிலில் குருவானவருக்கு உதவியாக இருந்தவர், ஐம்பது வயதிருக்கும். வெள்ளை ஜிப்பா வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் பஜாரில் வாங்கிய பன்னும் வாழைப்பழமும் பாலும்.

“மன்னிச்சிரு தாயி. இன்னைக்கு மூணு கோயில்லயும் எல்லாருக்கும் உபவாசம். முறையை யாரும் பாக்கல; அவிய சமைப்பாவன்னு இவிய, இவிய சமைப்பாவன்னு அவிய. ஒரு அடுப்புலயும் தீ பத்தல.”

அன்று மத்தியான ஆராதனையில், ஏசு சிலுவையில் சொன்ன ஏழு வாசகத்துக்கு ஏழு பேர் பிரசங்கம் செய்வார்களாம். ஐந்தாவது இவருடையது. முறைக்காகக் காத்திருந்தவர், எங்களுக்குச் சாப்பாடு கொண்டு வரும் டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். சந்தேகம் தட்டியதும் பிரசங்கத்தை விட்டுவிட்டு இறங்கி சைக்கிளை எடுத்துவிட்டார். வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு வந்ததில் கடைசி வீடு என்னுடையது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “உங்க சாமிக்கு நீங்க பட்டினி கிடங்க அண்ணாச்சி, வேண்டாங்கல. என்னை எதுக்குச் சேத்துக்கிட்டீங்க?”

சிரித்துவிட்டார். “கேளு தாயி, நல்லாக் கேளு. தின்னுக்கிட்டே கேளு.”

பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிரசங்கம்தான் போய்விட்டதே, இனி அவருக்கு என்ன அவசரம்? நான் நீட்டிய பழத்தை வாங்கவில்லை. சாயங்காலம் வரை உபவாசம். நான் பன்னைப் பாலில் நனைத்துத் தின்று முடிக்கும்வரை, ஊரில் மழை ஏமாற்றியதையும், மனைவி செத்த பிறகு தனக்கு ரசம் மட்டும் கைகூடாததையும் பேசிக்கொண்டிருந்தார். “ஒத்தையில திங்கது சீக்காளிக் கஞ்சி மாதிரில்லா இருக்கு” என்றார். நாலு மாதத்தில் ஒரு மனித முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் சாப்பிட்டது அன்றுதான்.

பிரசங்கத்தை விட்டு இறங்கியதற்காகவோ, வேறு எதற்காகவோ, பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே அவரைக் குளத்தூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். சொல்லிக்கொண்டு போக வந்தாராம். நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அப்புறம் பார்க்கவே இல்லை.

இப்போது நன்றாக நடக்கிறேன், என் சோற்றை நானே பொங்கி ஒற்றையில் சாப்பிடுகிறேன். ஆனால் மனதில் நிற்பது அவர் போனதற்கு அடுத்த வருஷத்துப் பெரிய வெள்ளிக்கிழமை. அப்போது கம்பை ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தேன். மூன்று கோயில்காரர்களும் கூடிப் பேசி, தவறு நடக்காமல் பார்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டரைக்கே சாம்பாரும் கூட்டும் அப்பளமுமாக வந்துவிட்டது. வைத்தார்கள், ஜெபித்தார்கள், போனார்கள். ஒரு குறை சொல்ல முடியாது. இரண்டரை மணிவரை கதவைச் சாத்தாமல், சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.