நிலச்சாமி வயிற்றில் பீரங்கி

ஹாங்காங்கின் க்வாய் சுங் சந்தையில் டோஃபு என்னும் சோயாக்கட்டி விற்கும் சுக்யினிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. "இது நேத்துப் போட்டதா?" என்று ஒரு அம்மாள் கட்டியை விரலால் அழுத்திப் பார்த்தால், "உங்க கல்யாணத்தன்னைக்குப் போட்டது, அக்கா. உங்க வீட்டுக்காரரை விட நல்லாத்தான் இருக்கு" என்பாள். அந்த அம்மாளே சிரித்துவிட்டு இரண்டு கட்டி கூடுதலாக வாங்கிப் போவாள். சுக்யினை ஏமாற்ற ஒருத்தன் பிறந்துதான் வரவேண்டும் என்று சந்தையில் எல்லாரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவன் ஏற்கனவே பிறந்து, பஸ் ஓட்டி, முப்பது வருஷமாக அவள் பக்கத்திலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது யாருக்கும் தோன்றவில்லை.

கணவன் பெயர் ஹுயி கின்போ. இரட்டைமாடி பஸ் ஓட்டுநர். விடியற்காலை வண்டியை எடுத்தால் மதியம் வீடு. குடிக்கமாட்டான், குதிரைப் பந்தயம் பக்கம் போகமாட்டான். அவனுக்கு இருந்ததெல்லாம் காய்ச்சல். அந்த ஊரில் ஒலிப்பெட்டிப் பைத்தியங்களைக் காய்ச்சல்காரர்கள் என்றுதான் சொல்வார்கள். மற்ற காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு, இதற்குக் கிடையாது.

அரசாங்கக் குடியிருப்பில் பதினாலாவது மாடி, ஒரு கூடம், ஒரு அரை அறை. அந்தக் கூடத்தில் சோபா போட வழியில்லை. இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர், எதிரே கின்போ உட்கார ஒரே ஒரு சாய்வு நாற்காலி. சுக்யின் அதற்குச் சிம்மாசனம் என்று பெயர் வைத்திருந்தாள். நடுவே, பேஸ் என்னும் அடித்தொனிக்கென்றே ஒரு கறுத்த சப்வூஃபர் பெட்டி. அதற்கு அங்கே எல்லாரும் சொல்லும் பெயர் பீரங்கி. பெயருக்குத்தான் பீரங்கி. சமையலறையில் சட்டி அதிரும், குளியலறைக் கதவு உறுமும், சிம்மாசனத்தில் உட்கார்ந்தால் மட்டும் பேஸ் செத்துக் கிடக்கும். ராஜாவுக்கு மட்டும் கேட்காத பீரங்கி.

இதற்கு வைத்தியம் சொன்னவர் குவான். கின்போவைவிடப் பெரிய காய்ச்சல்காரர், பழைய ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்துப் பிரித்தே மனைவியைப் பிரிந்தவர். "பீரங்கியைத் தூக்கி நாற்காலியில வை. பாட்டைப் போட்டுட்டு, நாம தரையில தவழ்ந்து போகணும். எந்த இடத்துல பேஸ் நிறைஞ்சு கேக்குதோ அங்க பீரங்கியை வெச்சிட்டா, நாற்காலியில அதே நிறைவு கேக்கும்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுக்யின் அரை அறையிலிருந்து வெளியே வந்தபோது, சிம்மாசனத்தில் பீரங்கி உட்கார்ந்திருந்தது. இரண்டு கிழவர்கள் காதைத் தரையோடு வைத்து நாலு காலில் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பல்செட்டு விழுந்திருச்சா?" என்றாள்.

"உஸ். பேசாதே."

சுவரோரம் தவழ்ந்து, ஷூ அலமாரியைத் தாண்டி, வாசற்கதவு மூலைக்குப் போனதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். அங்கேதான் தரையில், வீட்டைக் காக்கும் நிலச்சாமியின் சிவப்புப் பெட்டி இருந்தது. தங்க எழுத்துப் பலகை, ஊதுவத்திக் கிண்ணம், மூன்று சின்ன தேநீர்க் கோப்பை, இரண்டு சிவப்பு மின்விளக்கு. அதற்கு முன்னால் இரண்டு பேரும் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நெற்றியைத் தரையில் வைத்திருந்தார்கள்.

"கடைசியில சாமி கும்பிட வந்துட்டீங்களா ரெண்டு பேரும்" என்று சிரித்தவள், அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினாள். "அந்த மூலை மட்டும் கிடையாது. கூரையில தொங்க விடு, என் தலைமேல வை. சாமி எடத்தைத் தொட்டே, அந்தப் பீரங்கிக்குள்ள உன்னையப் போட்டுச் சுட்ருவேன்."

வீட்டு நிலச்சாமி தரையைத் தொட்டு, வாசலைப் பார்த்துத்தான் இருக்கவேண்டும். நகர்த்துவதானால் நாள் பார்த்து, சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்த்தவேண்டும். கின்போவுக்கும் அது தெரியும்.

அந்த வசந்தத்தில் முன்னோர் கல்லறைகளைத் துடைக்க அவள் எல்லை தாண்டிச் சொந்த ஊரான ஃபோஷானுக்குப் போனாள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சில நாள் கூடத் தங்கிவிட்டாள். திரும்பி வந்து கதவைத் திறந்தவள் செருப்பைக் கழற்ற மறந்து நின்றாள். கூடத்து நடுவில் பீரங்கியைக் காணோம். மூலையில் பளபளவென்று புதுச் சிவப்புப் பெட்டி, பழையதைவிடப் பெரியது, புது எழுத்துப் பலகை, புது விளக்கு.

"பழசு கரையான் அரிச்சுப் போச்சு. செஞ்சு வாங்கினேன்" என்றான் கின்போ.

"நாள் பார்த்தியா?"

"பார்க்காம செய்வேனா?"

"பீரங்கி எங்கே?"

"குவான் அண்ணனுக்குக் குடுத்துட்டேன். போதும், எத்தனை காலம்தான் நீ அதுல இடிச்சுக்கிட்டு இருப்பே."

முப்பது வருஷத்தில் அவன் அவளுடைய சாமிக்கு ஒரு ஊதுவத்தி வாங்கியதில்லை. சுக்யின் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மறுநாள் சந்தையில் மீன்காரியிலிருந்து கீரைக்காரி வரை எல்லாரும் கேட்கவேண்டியதாயிற்று: என் வீட்டுக்காரர் காய்ச்சலை விட்டுட்டார், பீரங்கியைக் குடுத்துட்டுச் சாமிக்கு வீடு கட்டியிருக்கார். அவள் வீட்டில் இருக்கும் நேரத்தில் அவன் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டுதான் பாட்டுக் கேட்டான். அதையும் அவள் தன்மேல் வைத்த பிரியம் என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் குடியிருப்பில் பாதிப் பேர் இங்கிலாந்துக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் ஹொய்லாமின் கணவனுக்கும் மான்செஸ்டரில் வேலை கிடைத்தது. மகள் வந்து சொன்னாள்: "அம்மா, நீ வேணாம்னா போகலை." பேத்தியைப் பிறந்ததிலிருந்து வளர்த்தவள் சுக்யின். குழந்தை அவள் கடையில் டோஃபுத் தட்டுகளுக்கு நடுவே தூங்கி வளர்ந்தது. வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் தன் ஆசைக்காக ஒரு குடும்பத்தைக் கட்டிப்போடுகிறோமோ என்று பயம். அதனால் சாமியைக் கேட்டாள். தினமும் சாயங்காலம் மூன்று ஊதுவத்தி ஏற்றி, சந்தைக்குரல் இல்லாத ஒரு குரலில் கேட்டாள். "அவ போகணும்னா ஏதாவது காட்டு. காட்டலேன்னா நான் விடமாட்டேன்."

ஒரு வாரம் சாமி ஒன்றும் காட்டவில்லை. சுக்யினுக்கு உள்ளூர சந்தோஷம். வாரக் கடைசியில் ஒருநாள் அவள் கேட்டு முடித்த மறுநொடி, தேநீர்க் கோப்பைகள் மூன்றிலும் வட்டம் வட்டமாக நீர் நடுங்கியது. பலகை மெல்ல அதிர்ந்தது. மூன்று ஊதுவத்தியின் சாம்பலும் சேர்ந்தாற்போல் உதிர்ந்தது. கூடத்தில் சின்னச் சத்தம்கூட இல்லை. கின்போ சிம்மாசனத்தில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்தியா?" என்றாள்.

"என்ன?"

"சாமி பதில் சொல்லிட்டார்."

"அப்படியா?" என்றான். போனை மடியில் கவிழ்த்து வைத்தான்.

அன்றே மகளைக் கூப்பிட்டு, "சாமி சொல்லிட்டார், போ" என்றாள். விமான நிலையத்தில் பேத்தி அவள் கழுத்தை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தது சுக்யின்தான், சாமி சொன்னதாயிற்றே. பிறகு ஒரு நாள் வீடியோவில் பேசும்போது மகள் சொன்னாள்: "அம்மா, இங்க நாலு மணிக்கே இருட்டிடுது. பாப்பா உன் தலகாணியைக் கேட்டு அழறா. அன்னைக்கு நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுவேன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா இருந்திருப்பேன்."

"சாமி சொன்னதை நான் மாத்த முடியுமாடி" என்றாள் சுக்யின். அன்று இரவு சோறு இறங்கவில்லை. ஆனாலும் தாங்கிக்கொண்டாள். சாமி கேட்டால் குடுத்துத்தானே ஆகவேண்டும்.

குளிர்கால விருந்து நாளுக்கு முந்தின நாள் டோஃபு மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. சுக்யின் வீட்டுக்கென்று எடுத்துவைத்த இரண்டு கட்டியோடு சீக்கிரமே கிளம்பினாள். லிஃப்டிலிருந்து இறங்கும்போதே குவானின் குரல் கேட்டது. இரும்புக் கம்பிக் கதவு மூடியிருந்தது, மரக்கதவு திறந்திருந்தது. உள்ளே சிம்மாசனத்தில் யாரோ புது ஆள் கண்ணை மூடிக் கிடந்தார். தரையிலிருந்து எழுந்து வந்த பேஸ் சுக்யினின் உள்ளங்காலில் ஏறியது.

"எப்படி? வயித்துல வந்து உக்காருதா?" என்று குவான் அந்த ஆளிடம் பீற்றிக்கொண்டிருந்தார். "இந்த மூலையை விட்டா வேற எடமே இல்லை. ஹாங்காங் பூராத் தேடினாலும், நிலச்சாமி வயித்துக்குள்ள பீரங்கி வெச்ச ஆளு நம்ம கின்போ ஒருத்தன்தான். வீட்டுக்காரியே தினமும் ஊதுவத்தி ஏத்துதுய்யா அதுக்கு."

புது ஆள் சிரித்தார். கின்போவும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவள் பிறகும் மறக்கவில்லை.

சாவி திரும்பிய சத்தத்தில் பாட்டு நின்றது. மூன்று பேரும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மாதிரி எழுந்து நின்றார்கள். சுக்யின் கத்தவில்லை. டோஃபுவைக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தாள். குவானிடம் மட்டும் பேசினாள்.

"குவான் அண்ணே, ஒரு சந்தேகம். இந்தப் பெட்டியைச் சத்தமே இல்லாம ஆட்ட முடியுமா?"

குவானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காய்ச்சல்காரனிடம் காய்ச்சலைப் பற்றிக் கேட்டால் அவனுக்கு வேறொன்றும் கண்ணில் படாது. கின்போ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது உட்பட.

"முடியுமேம்மா. பெரிய ஸ்பீக்கர் ரெண்டையும் நிறுத்திட்டு, இதுக்கு மட்டும் இருபது ஹெர்ட்ஸ் அதிர்வு அனுப்பினா காதுக்குக் கேக்கவே கேக்காது, பொருள்தான் ஆடும். உங்க வீட்டுக்காரர் போன்லயே இருக்கு பாருங்க, சோதனை போடறதுக்குன்னு நான்தான் ஏத்திக் குடுத்தேன்." மேசைமேல் கிடந்த கின்போவின் போனை எடுத்து ஒரு பொத்தானைத் தொட்டுக் காட்டினார். கோப்பைகள் மூன்றிலும் வட்டம் வட்டமாக நீர் நடுங்கியது.

சுக்யின் அந்த நீரைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். குவானுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நிற்கக்கூடாது என்பது புரிந்தது. புது ஆளை இழுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டார்.

"அன்னைக்குப் பாட்டு ஓடலை" என்றாள் சுக்யின்.

கின்போ மேசைமேல் கிடந்த போனுக்குக் கை நீட்டினான். அவள் முந்திக்கொண்டாள்.

"பாட்டு ஓடியிருந்தா தெரியாம நடந்துதுன்னு விட்ருப்பேன். நீ போனைத்தான் பார்த்துட்டிருந்தே."

"அவ போக ஆசைப்பட்டா சுக்யின். நல்ல வேலை, கொழந்தைக்கு நல்ல எடம். நான் சொன்னா நீ கேக்கமாட்டே. நீ யார் சொன்னாக் கேப்பேன்னு எனக்குத் தெரியும்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"சாமி எங்கே?"

அவன் ஷூ அலமாரியைப் பார்த்தான். அவள் குனிந்து கையை விட்டுத் துழாவினாள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, பழைய மழைச் செருப்புகளுக்கு அடியில், சூப்பர் மார்க்கெட் பையில் சுற்றிக் கிடந்தது பழைய பலகை. கரையான் கடித்த தடம் எங்கேயும் இல்லை. தன் எட்டு மாசக் கும்பிடும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. செருப்புகளுக்கு அடியில் கிடந்தவருக்கு எதுவும் கேட்டிருக்காது. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் இவன். அவள் சாமியிடம் சொன்ன ஒவ்வொன்றும், அக்காவின் வியாதி, தன் முழங்கால் வலி, இவனுக்கு ரத்த அழுத்தம் குறையவேண்டும் என்று கேட்டது, எல்லாமே.

தீட்டுக் கழிக்கும் பொமெலோ இலை போட்ட தண்ணீரில் பலகையைத் துடைத்து மேசைமேல் வைத்தாள். பிறகு மூலையிலிருந்த புதுப் பெட்டியைக் காட்டினாள்.

"அதைத் தூக்கி உன் நாற்காலியில வை."

கின்போ சட்டென்று தூக்கினான். மூலையைக் காலி செய்யச் சொல்கிறாள், வேறு இடம் தேடிக்கொள்ளச் சொல்கிறாள், இதோடு விட்டுவிடுவாள் என்று அவன் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. விளக்கும் ஒயரும் இழுபட, சிவப்புப் பெட்டி சிம்மாசனத்தில் ஏறியது. அவள் ஊதுவத்திக் கிண்ணத்தை அதன்மேல் வைத்தாள். மூன்று ஊதுவத்தி ஏற்றி, பாதிக்குமேல் எரிந்து சாம்பல் நீளும்வரை காத்திருந்தாள்.

"மண்டி போடு."

"சுக்யின்..."

"தவழத் தெரிஞ்சவனுக்கு மண்டி போடத் தெரியாதா? போடு."

போட்டான்.

"கேளு. என் பொண்டாட்டி இங்க இருப்பாளா, இல்ல மக கிட்டப் போயிருவாளான்னு கேளு. போகணும்னா ஏதாவது காட்டச் சொல்லு."

"தப்புதான். விட்ரு."

"கேளு கிழவா. உனக்குத் தெரிஞ்ச சாமிதானே."

அவன் கேட்டான். வார்த்தை பாதியிலேயே உடைந்தது, ஆனாலும் கேட்டு முடித்தான். போன் சுக்யினின் கையில் இருந்தது. குவான் தொட்ட இடத்தை அவள் தொட்டாள். நாற்காலி மெல்ல அதிர்ந்தது. சத்தமே இல்லாமல் மூன்று ஊதுவத்தியின் சாம்பலும் உதிர்ந்து, கும்பிட்டிருந்த அவன் கைமேல் விழுந்தது.

"சொல்லிட்டார்" என்றாள் சுக்யின். துணிப்பெட்டி எடுக்க அரை அறைக்குள் போனாள்.