வெறுங்கை

இதயம் பழுதான எலிகளை எட்டு வாரம் தினமும் ஓடவிட்டேன். ஓட்டத்தால் அவற்றின் இதயத்தில் எந்த ஆர்.என்.ஏ. கூடுகிறது, எது குறைகிறது என்று பார்க்கத்தான். புரதம் எதையும் உண்டாக்காமலே மரபணுக்களை அடக்கி ஆளும் ரகம் அது. வெறும் விரல் பட்டாலே சிதைந்துவிடும். எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் ஆய்வகத்தைப் பெருக்குகிற அக்காவுக்குக்கூட இது தெரியும். டைரக்டருக்குத் தெரியவில்லை. ஜாகிங் போன வியர்வையோடு விருந்தாளிகளைக் கூட்டிவந்து, நான் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து வைத்திருந்த குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். "சார், கிளவுஸ்" என்றதற்கு என்னை முறைத்தார்.

மறுநாள் சோதித்தேன். அத்தனையும் நாசம்.

"அதுக்கென்னம்மா, அதே எலிங்கள இன்னொரு வாட்டி ஓடவிடு" என்றார்.

"இதயத்த அறுத்தெடுத்த எலி எப்படி சார் ஓடும்?" என்று கேட்டேன்.