ஸ்மோலண்ட்காரரிடம் கேட்ட மூன்றாவது கேள்வி

போன சனிக்கிழமை எங்கள் ஸ்கார்பரோ கட்டடத்தின் பேஸ்மென்டில், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு முன்னால் நானும் மனைவியும் காத்து நின்றோம். பக்கத்தில் ஏழாம் மாடி ஒல்லே. ஓய்வு பெற்ற தச்சர், தனி ஆள். இரண்டு வருடமாக லிஃப்டில் 'ஹலோ' மட்டும்தான் பழக்கம்.

மெஷின் நிற்க இன்னும் நேரம் இருந்தது. எந்த நாடு என்று கேட்டேன்.

"சுவீடன்."

இந்த ஊர்க்காரர்கள் இதோடு விட்டுவிடுவார்கள். யாழ்ப்பாணத்தான் விடுவானா? ஊர், குறிச்சி, பக்கத்துக் கோயில் வரை போனால்தானே நமக்குச் சாப்பாடு செமிக்கும்! சுவீடனில் எவ்விடம் என்றேன்.

மனைவி முழங்கையால் இடித்தாள். "உங்கடை விடுப்புக் கேள்வியளை இஞ்சையும் தொடங்கிட்டியளோ?"

"ஸ்மோலண்ட்" என்றார் ஒல்லே. 'சின்ன நாடுகள்' என்று அர்த்தமாம். ஒரு காலத்தில் அங்கே காடுகளுக்கு நடுவே பல குட்டி நாடுகள்... ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிச் சட்டம். "வெளியாட்களுக்கு அத்தனை பெயரையும் நினைவு வைக்கப் பொறுமையில்லை. மொத்தமாக இப்படிச் சொல்லிவிட்டார்கள்" என்று சிரித்தார்.

"அப்படியென்றால் உங்களுடைய சின்ன நாடு எது?" — இது மூன்றாவது கேள்வி.

மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டார். "வேரெண்ட்" என்றார் மெல்ல. "முப்பது வருடத்தில் இங்கே யாரும் இதைக் கேட்டதில்லை. வீட்டில் மனைவியிடம் சொல்வேன். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்."

பிறகு அவர் முறை. வழக்கம்போல 'ஸ்ரீலங்கா' என்றேன். எங்கே என்றார். யாழ்ப்பாணம் என்றேன்.

"யாழ்ப்பாணத்தில் எங்கே?"

சண்டிலிப்பாய் என்றேன். அவர் வாயில் அது 'சாந்திலிபை' என்று வந்தது. அம்மா அங்கே தனியாக இருக்கிறார். சண்டையால் மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. டிவி செய்தியில் 'யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சு' என்பதோடு முடித்துவிடுகிறார்கள். எந்த ஊரில்? யார் வீட்டுக்குப் பக்கத்தில்? அந்த ஒரு பெயருக்காகத்தான் தினமும் டிவி முன்னால் உட்காருகிறேன் — அது வந்துவிடக் கூடாதே என்ற பயத்தோடும்.

லிஃப்டில் மனைவி கூடையைக் கை மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"நாளைக்கு அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுங்கோ. அவர் வேரெண்ட் எண்டு சொல்லட்டும், நீங்கள் சண்டிலிப்பாய் எண்டு சொல்லுங்கோ... கேக்கிறதுக்கு நான் இருக்கிறன்."